மனச்சோர்வு ஆய்வுகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜூலையில் ஒரு செய்தி கைபேசிக்குக் கைபேசி பறந்தது: 'மனச்சோர்வுக்கும் செரட்டோனினுக்கும் சம்பந்தமில்லை, ஆய்வில் நிரூபணம்.' எனக்குத் தெரிந்த ஒருவர் அதைப் படித்தார். இரண்டு வருடமாக சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 20 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டு, ஒழுங்காக வேலைக்குப் போய்வந்து, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர். அன்று இரவே மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் தலைசுற்றல். நான்காம் நாள், கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல ஒரு வெட்டு. காரணமில்லாத அழுகை, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். "இத்தனை நாளாக என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்" என்றார் தொலைபேசியில்.

அப்படியெல்லாம் இல்லை என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைவாக இருக்கிறது, அதை இந்த மாத்திரை ஈடுகட்டும்' என்று அவரிடம் சொன்னது உண்மை. பல ஆண்டுகளாக எத்தனையோ பேரிடம் அதையேதான் சொன்னார்கள். நானும் மருத்துவச் செய்திகள் எழுதுகிறவன்தான். அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். கீழே வரும் தவறுகளில் பாதி நான் செய்தவை.

காரணம் தெரியாவிட்டால் மருந்தும் பொய் என்று நினைப்பது

அந்த 2022 ஆய்வு எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது? மனச்சோர்வு உள்ளவர்களின் உடலில் செரட்டோனின் குறைவாக இருக்கிறதா, அதன் செயல்பாடு மந்தமாக இருக்கிறதா என்பதை. ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் எடுத்த அளவுகள், மூளைப் படங்கள், மரபணு ஒப்பீடுகள், செரட்டோனினை வேண்டுமென்றே குறைத்துப் பார்த்த சோதனைகள் எல்லாவற்றையும் திரட்டிப் பார்த்தார்கள். சீரான ஆதாரம் எதுவும் இல்லை என்று முடிவு சொன்னார்கள். மாத்திரை வேலை செய்கிறதா என்ற கேள்வியை அந்த ஆய்வு எடுக்கவே இல்லை. எடுக்காத கேள்விக்குத்தான் செய்திகள் பதில் சொல்லின.

இந்த மருந்துகள் பிறந்த கதை தெரிந்திருந்தால் இத்தனை குழப்பம் வந்திருக்காது. 1950களில் காசநோய்க்காகக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாசிட், நோயாளிகளின் மனநிலையையும் தூக்கிவிட்டதைக் கவனித்தார்கள். அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்குப் பயன்படுமா என்று இமிப்ரமினைக் கொடுத்துப் பார்த்தார். அதற்குப் பயன்படவில்லை, மனச்சோர்வில் இருந்தவர்களோ தெளிந்தார்கள். மருந்து முதலில் வந்தது. 'ஏன்' என்ற விளக்கத்தைப் பிறகு தேடினார்கள். பின்னால் ஒட்டவைத்த விளக்கம் உதிர்ந்தால் முன்னால் கண்ட பலன் தானாக உதிர்ந்துவிடாது. அதைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

சரி, தனியாகச் சோதித்ததில் என்ன தெரிந்தது?

'வேலை செய்யும்', 'செய்யாது' என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்பது

2018இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 21 மருந்துகள், 522 சோதனைகள், 1,16,477 பேர். மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் 21 மருந்துகளுமே மேல் என்று அது சொன்னது. 'விவாதம் முடிந்தது' என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. அதே ஆய்வைப் புரட்டிய இன்னொரு கூட்டம், 'சராசரி வித்தியாசம் எவ்வளவு சின்னது பாருங்கள்' என்றது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அந்தச் 'சின்ன வித்தியாசம்' எதைக் கொண்டு அளந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. கேள்வித்தாள்தான். இந்தச் சோதனைகளில் அதிகம் புழங்குவது மேக்ஸ் ஹாமில்டன் 1960இல் வெளியிட்ட அளவுகோல். 17 கேள்விகள், மொத்தம் 52 புள்ளிகள். துக்கம், குற்றவுணர்வு, தற்கொலை எண்ணம், வேலையில் நாட்டம், பசி, எடை என்று வரிசையாகக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அதில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள்: படுத்ததும் தூக்கம் வருகிறதா, நடுவில் விழிக்கிறீர்களா, விடியும் முன்பே எழுந்துவிடுகிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, ஆக 6. மருந்துக்கும் போலி மாத்திரைக்கும் உள்ள சராசரி வித்தியாசமோ இந்த அளவுகோலில் சுமார் 2 புள்ளிதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தூக்கம் வரவழைக்கும் எந்த மாத்திரையும், துக்கத்தைத் தொடாமலே இந்தத் தாளில் சில புள்ளிகளைக் குறைத்துக் காட்டிவிட முடியும். இன்னொரு பக்கம், ஒரு மாத்திரை ஒருவருக்கு வாழும் ஆசையைத் திருப்பிக் கொடுத்து, கூடவே பக்க விளைவாகத் தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால், தாளில் அந்த நன்மை பாதி மறைந்துபோகும். புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போது, நன்றாகத் தேறியவரும் ஒன்றுமே மாறாதவரும் இன்னும் மோசமானவரும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகிறார்கள். 'சராசரியாக 2 புள்ளி' என்றால் ஒவ்வொருவருக்கும் 2 புள்ளி என்று அர்த்தமில்லை. அதேபோல, யாரோ சிலர் நிச்சயம் பெரிய பலன் அடைந்திருப்பார்கள் என்றும் அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

போலி மாத்திரை என்றாலே 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்வதும் சரியல்ல. சோதனைக்கு வருகிறவர் அடிக்கடி வந்து ஒருவர் எதிரில் உட்கார்ந்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனசு எப்படி என்று அக்கறையாகக் கேட்கப்படுகிறார். வெளியில் அவருக்கு அது கிடைத்திருக்காது. மேலும், மிகவும் மோசமான கட்டத்தில்தான் ஆட்கள் சோதனையில் சேர்கிறார்கள். கொஞ்ச நாளில் சிலர் தாமாகவே தேறுவார்கள். இவை இரண்டு பக்கத்துக்கும் பொது. மாத்திரையின் கணக்கில் வருவது அதற்கு மேலே உள்ள மிச்சம் மட்டும்.

அப்புறம், நாம் படிக்காத ஆய்வுகளும் இருக்கின்றன. 2008இல் எரிக் டர்னர் என்ற ஆய்வாளரின் குழு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 சோதனைகளை எடுத்து, அவற்றில் எவை இதழ்களில் வந்தன என்று தேடியது. அந்த அமைப்பு சாதகம் என்று கருதிய 38இல் 37 வெளிவந்திருந்தன. சாதகமில்லாத 36இல் 22 அச்சேறவே இல்லை. 11 அச்சேறின, ஆனால் வெற்றி பெற்றதுபோல எழுதப்பட்டிருந்தன. மூன்றே மூன்று தோல்வியைத் தோல்வி என்று சொல்லி வந்தன. பிற்பாடு பதிவு விதிகள் இறுகியதால் நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் பழைய சோதனைகளைச் சேர்த்துக் கூட்டும் எந்த ஆய்வைப் படிக்கும்போதும் இந்த 22ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சதவீதத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது

'70 சதவீதம் பேருக்குப் பலன்' என்று படித்தால் முதலில் கேட்க வேண்டியது, பலன் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது. ஆய்வுகளில் இரண்டு விதம் உண்டு. அறிகுறிப் புள்ளிகள் பாதியாகக் குறைந்தால் அது ஒரு வெற்றி. ஏறக்குறைய அறிகுறியே இல்லை என்ற நிலைக்கு வந்தால் அது இன்னொரு வெற்றி. ஹாமில்டன் தாளில் 7 அல்லது அதற்குக் கீழே. 30 புள்ளியில் இருந்தவர் 15க்கு வந்தால் முதல் கணக்கில் தேறியவர். அவரிடம் போய்க் கேட்டால், இன்னும் காலையில் எழுந்திருக்கவே போராட வேண்டியிருக்கிறது என்பார்.

இதற்கு ஸ்டார்-டி ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் சுமார் 4,000 பேரைச் சேர்த்து, 2006இல் முடிவு வெளியானது. முதலில் எல்லோருக்கும் சிட்டலோபிராம். சரிவராதவர்களுக்கு அடுத்த படி, அதற்கடுத்த படி என்று நான்கு படிகள். நான்கையும் கடந்தால் 67 சதவீதம் பேர் அறிகுறியில்லாத நிலைக்கு வரலாம் என்றது முடிவு. அந்த எண் பாடப்புத்தகம் வரை போனது. ஆனால் அது ஒரு 'இருந்திருந்தால்' கணக்கு: நடுவில் யாருமே விலகாமல் இருந்திருந்தால் இத்தனை. நிஜத்தில் ஏராளமானவர்கள் விலகினார்கள். 2023இல் வேறொரு குழு, முதலில் அறிவித்திருந்த விதிகளின்படியே மூலத் தரவை மறுபடி கணக்கிட்டு 35 சதவீதம்தான் என்றது. மூல ஆய்வாளர்கள் இந்த மறுகணக்கை ஏற்கவில்லை. சண்டை இன்னும் தீரவில்லை. அந்த ஆய்வில் போலி மாத்திரைக் குழுவே இல்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சண்டை தொடாத ஒரு விஷயம்தான் நோயாளிக்கு உபயோகமானது என்பது என் எண்ணம். படிவாரியாகப் பார்த்தால் முதல் படியில் 37 சதவீதம், இரண்டாவதில் 31, மூன்றாவதில் 14, நான்காவதில் 13. எண்கள் கொஞ்சம் ஊதிப்போனவையாகவே இருக்கட்டும். சரிவின் வடிவத்தைப் பாருங்கள். முதல் மருந்து சரிவராதது சகஜம். இரண்டாவதை முயல்வதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டும் பலிக்காவிட்டால் மூன்றாவதாக அதே மாதிரி இன்னொரு மாத்திரையை எழுதிக்கொண்டே போவதைவிட, வேறு வழி யோசிக்க வேண்டிய இடம் அது. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய வாரங்கள் சாப்பிட்டும் தேறாததை 'சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வு' என்று ஆய்வாளர்கள் குறிப்பதும் இங்கேதான் பொருந்துகிறது. 'போதிய' என்ற சொல் முக்கியம். குறைந்த அளவில் பத்து நாள் சாப்பிட்டுவிட்டு 'எனக்கு எதுவும் பலிக்காது' என்ற முடிவுக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதுசு என்பதாலேயே மயங்குவது

இந்தக் காலத்தில் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேசலாம்.

கீட்டமின் பழைய மயக்க மருந்து. 2000இல் ஒரு கைப்பிடி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பலன் மணிக்கணக்கில் தெரிந்தது. 2006இல் இன்னொரு சிறு சோதனையும் அதையே சொன்னது. 2019 மார்ச்சில் அதன் உறவான எஸ்கீட்டமின் மூக்குத் தெளிப்பானாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒவ்வொரு தடவையும் மருத்துவ மையத்திலேயே எடுத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. 2023இல் நடந்த ஓர் ஒப்பீட்டில், சிகிச்சைக்கு மசியாத 676 பேரில், 8 வாரத்தில் அறிகுறியில்லா நிலைக்கு வந்தவர்கள் எஸ்கீட்டமின் பக்கம் 27 சதவீதம், க்விட்டியாபின் என்ற மாத்திரையின் பக்கம் 18 சதவீதம். அதாவது உண்மையான முன்னேற்றம். ஆனால் நான்கில் ஒருவர்தான். 'அற்புத மருந்து' என்ற தலைப்பைப் படிப்பவர் மனதில் தோன்றும் எண் 27 ஆக இருக்காது.

இந்த வகை மருந்துகளில் இன்னொரு சிக்கல். நல்ல சோதனையில் மருந்து எது, போலி எது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, மதிப்பெண் போடுகிறவருக்கும் தெரியக்கூடாது. ஒருவகைக் காளானில் உள்ள, மாயக்காட்சி வரவழைக்கும் சைலோசைபினை எடுத்துக்கொண்டவருக்கோ ஒரு மணி நேரத்துக்குள் சுவர் அசையத் தொடங்கிவிடும். தனக்கு நிஜ மருந்துதான் கிடைத்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சர்க்கரை உருண்டை கிடைத்தவருக்கும் தெரிந்துவிடும்; இத்தனை நாள் நம்பி வந்தது வீணாயிற்றே என்று அவர் மனம் இன்னும் உடையும். இரண்டும் சேர்ந்து வித்தியாசத்தைப் பெரிதாக்கும்.

கீட்டமினில் இதை உடைத்துப் பார்க்க ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். வேறு ஏதோ அறுவை சிகிச்சைக்கு வரவிருந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேரைச் சேர்த்தார்கள். அவர்கள் மயக்கத்தில் இருக்கும்போது பாதிப் பேருக்குக் கீட்டமினும் மீதிப் பேருக்கு உப்புநீரும் ஏற்றினார்கள். விழித்தவர்களுக்கு எது கிடைத்தது என்று தெரிய வழியில்லை. 2023இல் வெளியான முடிவு: இரண்டு குழுவும் நன்றாகவே தேறியது, இரண்டுக்கும் வித்தியாசமில்லை. தேறியவர்களில் பலர் தங்களுக்குக் கீட்டமின்தான் கிடைத்திருக்கும் என்று ஊகித்தார்கள். 'அப்படியானால் கீட்டமினே பொய்' என்று தாவிவிடாதீர்கள், அதுவும் இந்தக் கட்டுரையின் தவறுப் பட்டியலில் சேரும். 40 பேர் மிகச் சிறிய கூட்டம். மயக்க மருந்துகளே மனநிலையைக் கொஞ்சம் மாற்றக்கூடும் என்ற சந்தேகமும் இருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை குறைவு.

சின்னச் சோதனையில் வந்த பெரிய எண் பெரிய சோதனையில் சுருங்குவது வழக்கம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைலோசைபின் 25 மில்லிகிராமை 1 மில்லிகிராமோடு ஒப்பிட்ட 2022 ஆய்வில், 233 பேரில், மூன்றாம் வாரம் 6.6 புள்ளி வித்தியாசம். 60 புள்ளி கொண்ட வேறோர் அளவுகோலில். அந்த ஆய்வை நடத்திய மருந்து நிறுவனமே 2025இல் அறிவித்த அடுத்த கட்டச் சோதனையில், போலி மருந்தோடு ஒப்பிட்டு, ஆறாம் வாரம் 3.6. இரண்டும் அச்சாக ஒரே ஒப்பீடு இல்லை, ஆனால் திசை புரியும். காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சையில் 'ஐந்தே நாளில் குணம்' என்று பேசப்பட்ட ஸ்டான்ஃபோர்டு முறையும் அப்படித்தான். நாளுக்குப் பத்து அமர்வு வீதம் ஐந்து நாள். 2020இல், போலிக் குழு இல்லாத முதல் ஆய்வில் 21 பேரில் 19 பேர் அறிகுறியற்ற நிலைக்கு வந்தார்கள். 2022இல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது 79 சதவீதம், எதிர்ப்பக்கம் 13. இன்னும் பிரமாதமான எண்தான். ஆனால் சிகிச்சை பெற்றவர்கள் மொத்தம் 14 பேர். 14 பேரை வைத்து உலகத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

இந்த மருந்துகளை வீட்டிலேயே வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடாது. சைலோசைபின் சோதனைகளில் பயிற்சி பெற்றவர்கள் மணிக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மனச்சிதைவு அல்லது அதன் குடும்ப வரலாறு இருப்பவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கீட்டமினை அடிக்கடி, அதிகமாக எடுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகிப் போகும். செய்தியில் வந்த பலன், அந்தக் கண்காணிப்போடு சேர்ந்த பலன்.

யாரைச் சேர்க்கவில்லை என்று கேட்காமல் விடுவது

2023இல் 'ஷாக் சிகிச்சைக்குக் கீட்டமின் சளைத்ததல்ல' என்று ஒரு செய்தி. 403 பேரை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். பலன் கண்டவர்கள் கீட்டமின் பக்கம் 55 சதவீதம், மின்னதிர்வுப் பக்கம் 41. சரி, இனி மின்னதிர்வுச் சிகிச்சையை மூட்டைகட்டி வைத்துவிடலாமா? அந்த ஆய்வின் வாசலைப் பாருங்கள்: மாயக்குரல் கேட்பது, தீராத பிரமை என்று மனச்சோர்வோடு மனமுறிவும் சேர்ந்தவர்களை அவர்கள் சேர்க்கவே இல்லை. மின்னதிர்வுச் சிகிச்சை மிக நன்றாகப் பலிக்கும் கூட்டமே அதுதான். இருக்கும் சிகிச்சைகளிலேயே மிகவும் பயந்து பார்க்கப்படுவதும், தேவைப்படும் இடத்தில் மிகவும் வலுவானதும் இதுவே. மயக்கம் கொடுத்துச் செய்கிறார்கள்; சில காலத்துக்கு ஞாபக மறதி இருக்கும், சிலருக்குச் சில நினைவுகள் திரும்பாமலும் போகலாம். அதை மறைக்கவும் கூடாது, அதைச் சொல்லியே விரட்டவும் கூடாது.

பொதுவாகவே மருந்துச் சோதனைகள் பலரை வெளியே நிறுத்துகின்றன: கடுமையான தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பல உடல்நோய்கள் உள்ளவர்கள். அதாவது மனநலப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் கூட்டத்தில் கணிசமானவர்கள். பெரும்பாலான சோதனைகள் 8 வாரத்தை ஒட்டியே முடிந்தும் விடுகின்றன. ஐந்து வருடம் சாப்பிடுகிறவருக்கு 8 வாரச் சோதனை எவ்வளவு சொல்லும்?

இதைப் படிப்பவருக்கோ அவர் வீட்டில் ஒருவருக்கோ செத்துப்போகலாம் என்ற நினைப்பு இப்போது ஓடிக்கொண்டிருந்தால், ஆய்வுகளை ஒப்பிட இது நேரமில்லை. அவரைத் தனியே விடாதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் இளம் வயதினரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. எச்சரிக்கையின் பொருள் கவனியுங்கள் என்பது. கொடுக்கவே கூடாது என்று அதைப் படிப்பதும் ஒரு தவறுதான்.

எல்லோருக்கும் ஒரே நோய் என்று எடுத்துக்கொள்வது

ஒன்பது அறிகுறிகளில் ஐந்து, இரண்டு வாரம் இருந்தால் பெரும் மனச்சோர்வு என்பது வரையறை. ஒருவர் தூங்கவே மாட்டார், சாப்பிடமாட்டார், இளைத்துப்போவார். இன்னொருவர் பகலெல்லாம் தூங்கி, அளவுக்கு மீறிச் சாப்பிட்டுப் பருப்பார். இருவருக்கும் ஒரே பெயர். ஸ்டார்-டி ஆய்வில் இருந்த 3,703 பேரின் அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்தபோது 1,030 தனித்தனிச் சேர்க்கைகள் கிடைத்தன. ஆகவே 'எனக்குப் பலித்தது, நீயும் சாப்பிடு' என்பது நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. முக்கியமாக, சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறின் சோர்வுக் கட்டம் பார்வைக்கு மனச்சோர்வுபோலவே இருக்கும். அவருக்கு இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் மறுமுனைக்குத் தூக்கி எறியக்கூடும்.

யாருக்கு எது பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் இன்றைய ஆராய்ச்சியின் பெரிய கனவு. இன்னும் கனவுதான். அழற்சியைத் தணிக்கும் இன்ஃப்ளிக்சிமாபை 60 பேருக்குக் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் மொத்தக் கூட்டத்துக்குப் பலனில்லை. ரத்தத்தில் அழற்சிக் குறி உயர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் இருக்கலாம் என்ற சாயல் தெரிந்தது. அழகான துப்பு, அவ்வளவே. எச்சிலில் மரபணு பார்த்து மாத்திரை தேர்ந்து தருவதாக விற்கும் பரிசோதனைகளை 2022இல் சுமார் 1,900 முன்னாள் படைவீரர்களிடம் சோதித்தார்கள். நடுவில் கொஞ்சம் பலன் தெரிந்தது, 24ஆம் வாரத்தில் அதுவும் கரைந்துவிட்டது. கைக்காசைச் செலவழித்து எடுக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

'இயற்கை', 'எளிமை' என்றால் சோதனை வேண்டாம் என்று நினைப்பது

செயின்ட் ஜான்ஸ் வொர்ட் மூலிகைக்கு லேசான மனச்சோர்வில் ஓரளவு ஆதாரம் உண்டு. அதே மூலிகை, ஈரல் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டி, கருத்தடை மாத்திரையையும் உறுப்பு மாற்று நோயாளிகளின் மருந்தையும் செல்லாததாக்கிவிடும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் எல்லைமீறி ஆபத்தாகும். மருத்துவரிடம் 'வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை' என்று சொல்லும்போது இலை, வேர், பொடி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். வைட்டமின் டி மனச்சோர்வு வராமல் தடுக்குமா என்று 18,000 பேருக்கு மேல் ஐந்தாண்டு பார்த்தார்கள். தடுக்கவில்லை.

உடற்பயிற்சி கதை வேறு. 2024இல் 218 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் நடை, மெல்லோட்டம், யோகா, எடைப்பயிற்சி எல்லாமே கணிசமாக உதவுவதாகத் தெரிந்தது. ஆனால் ஓடுகிறவருக்குத் தான் ஓடுவது தெரியாமல் இருக்குமா? சைலோசைபினுக்குக் கேட்ட கேள்வியை இதற்கும் கேட்க வேண்டும். அந்த ஆய்வாளர்களே ஆதாரத்தின் உறுதி குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததற்கு ஒரு தராசு, பிடிக்காததற்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்ளக் கூடாது. படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் 'தினமும் ஒரு மணி நேரம் ஓடு, சரியாகிவிடும்' என்பதும் சிகிச்சை ஆகாது.

அங்கேதான் ஒரு பழைய, தலைப்புச் செய்திக்கு ஒத்துவராத சிகிச்சை உதவுகிறது. நடத்தையைத் தூண்டும் முறை என்று பெயர். என்ன செய்தோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்று ஒரு தாளில் நேரவாரியாகக் குறிக்கச் சொல்வார்கள். அதைப் பார்த்து, நாளைக்கு ஒரே ஒரு காரியம்: பத்து மணிக்குக் குளிப்பது. அடுத்த வாரம் அக்காவுக்கு ஒரு போன். மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், செய்தால் மனசு பின்னால் வருகிறதா என்று பார்ப்பது. 2016இல் பிரிட்டனில் 440 பேரிடம் ஒப்பிட்டபோது, நீண்ட பயிற்சி இல்லாத இளம் பணியாளர்கள் தந்த இந்தச் சிகிச்சை, தேர்ந்த உளவியலாளர்கள் தந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் முறை) குறையவில்லை. 2017இல் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் பட்டமே இல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதையே செய்துகாட்டினார்கள். காளானுக்குக் கிடைத்த தலைப்புகளில் நூற்றில் ஒன்று இதற்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

தானாக நிறுத்துவது

மறுபடி என் நண்பருக்கு வருகிறேன். தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல அவருக்கு வந்த உணர்வு கற்பனை கிடையாது. 2024இல் வந்த தொகுப்பாய்வின்படி, நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு விலகல் அறிகுறி இருந்தது. போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். கழித்துப் பார்த்தால் ஆறேழு பேருக்கு ஒருவர். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள் அந்தச் சோதனைகளில் குறைவு என்பதால், அவர்களுக்கு இது கூடுதலாக இருக்கலாம் என்று ஆட்சேபிக்கிறவர்களும் உண்டு.

அப்படியானால் காலம் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? 2021இல் பிரிட்டனில், நன்றாகத் தேறி, நிறுத்தலாம் என்று நினைத்த 478 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு, அவர்களுக்கே தெரியாமல், படிப்படியாகப் போலி மாத்திரைக்கு மாற்றினார்கள். ஒரு வருடத்தில் மனச்சோர்வு திரும்பியது நிறுத்தியவர்களில் 56 சதவீதம், தொடர்ந்தவர்களில் 39 சதவீதம். 'நிறுத்தாதே' என்பவர் 56ஐக் காட்டுவார். நிறுத்தியும் திரும்பாத 44ஐ எதிரில் இருப்பவர் காட்டுவார்.

நிறுத்துவதாக இருந்தால் எப்படி என்பதில்தான் புதிய ஆராய்ச்சி நேரடியாகக் கைகொடுக்கிறது. சிட்டலோபிராம் 20 மில்லிகிராமில் மூளையில் செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயில்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அளவைப் பாதியாக்கி 10க்கு வந்தாலும் பிடி 70க்கு மேல் இருக்கும். 5ஐ ஒட்டி 60. கடைசி ஐந்து மில்லிகிராமிலிருந்து பூஜ்யத்துக்கு வருவதுதான் மாடியிலிருந்து குதிப்பது. இருபதைப் பத்தாக்கியபோது ஒன்றும் தெரியவில்லையே, இனி மொத்தமாக விட்டுவிடலாம் என்று நினைக்கிறவர் விழும் இடமும் அதுதான். 2019இல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டி, கீழே வரவர அடியைச் சின்னதாக்கச் சொன்னார்கள்.

நண்பர் ஐந்தாம் நாள் மருத்துவரிடம் போனார், பழைய அளவுக்கே திரும்பினார், ஒரு வாரத்தில் தெளிந்தார். அதற்கு அடுத்த வருடம், அவராகவே கேட்டு, மருத்துவர் மேற்பார்வையில் குறைக்கத் தொடங்கினார். திரவ மருந்து, ஊசி போடாத சிரிஞ்சில் அளந்து. மாதத்துக்கு ஒரு தடவை, காலண்டரில் குறித்து. 4 மில்லிகிராமில் தூக்கம் கெட்டது. ஒரு படி மேலே ஏறி இரண்டு மாதம் நின்றார். கடைசியாகப் பேசியபோது மூன்றுக்கு வந்திருந்தார். முழுக்க விடுவதா, மூன்றிலேயே இருப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். நானும் கேட்டுக்கொண்டேன், அறிவுரை எதுவும் சொல்லவில்லை.